வகுப்புத் தோழர்கள் மடல்: ‘சொல்ல ஒன்றுமில்லை’ என்றவர்களின் செய்திகள்

அனைவருக்கும் வணக்கம்.

என்னோடு கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் இந்தக் குழுவில் ஒன்பது பேர் இருக்கிறோம். வெளியே இருப்பவர்களையும் சேர்த்தால் 31 பேரின் முகவரி என்னிடம் உண்டு. போன மாதம் எல்லோருக்கும் ஒரே கேள்வியை அனுப்பினேன்: “இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய்?” 19 பேர் பதில் போட்டார்கள். அதில் பாதிப் பேர் “பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை” என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். பெயர் போடாதே என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. யார் யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முன்பெல்லாம் இந்த மடல் எழுதுவது சுலபம். இன்னாருக்குப் பதவி உயர்வு, இன்னார் வீடு கட்டினார், இன்னார் பெண்ணுக்குக் கல்யாணம். இப்போது பதவிப் பெயர் போய்விட்டது. அதோடு சேர்ந்து, செய்வதைச் செய்தி என்று சொல்லிக்கொள்ளும் தைரியமும் போய்விட்டது போலிருக்கிறது.

ஆய்வகத்தில் என்னோடு ஒரே மேசையில் நின்றவன், ஓய்வு பெற்றதும் நீர்வண்ண ஓவியம் தொடங்கினான். மூன்று வருடம் வரைந்ததெல்லாம் பழுப்பும் செம்மஞ்சளுமாகவே இருந்தது. அதுதான் தன் பாணி என்று எங்களிடம் விளக்கம் வேறு கொடுத்தான். சென்ற வருடம் வலது கண்ணில் கண்புரை அறுவை செய்துகொண்டான். கட்டைப் பிரித்த மறுநாள் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்திருக்கிறான். இடது கண்ணில் அதே பழைய மஞ்சள் உலகம். வலது கண்ணில் வானம் நீலம்! வயதாக ஆக விழிவில்லை மஞ்சளாகி, நீல ஒளியை உள்ளே விடாமல் தடுக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கும் இதே கதைதான். 1923-இல் அறுவை செய்துகொள்ளும் வரை அவருடைய குளத்துப் படங்களில் சிவப்பும் பழுப்பும் ஏறிக்கொண்டே போயின. நம்மவன் பழைய படங்களைக் கிழித்துப் போடக் கிளம்ப, மகள் பிடுங்கி வைத்திருக்கிறாள். இப்போது சுவரில் ஒரே மரத்தின் இரண்டு படங்கள், ‘முன்’, ‘பின்’ என்று. எனக்கென்னவோ ‘முன்’தான் பிடித்திருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை.

இறுதியாண்டில் கல்யாணமாகிப் படிப்பை விட்டுப்போன தோழியை நினைவிருக்கும். விட்ட பட்டத்தை 67 வயதில் அஞ்சல் வழியில் முடித்துவிட்டார். தேர்வறையில் கண்காணிப்பாளர் அவரைப் பார்த்து, “யாருடைய பாட்டி நீங்கள், வெளியே உட்காருங்கள்” என்றாராம். நுழைவுச் சீட்டைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். நான் பாராட்டி எழுதியதற்கு, “இதெல்லாம் ஒரு வயதா?” என்று பதில். அமெரிக்காவின் கேன்சஸில் நோலா ஆக்ஸ் என்பவர் 2007-இல் 95 வயதில், பேத்தியோடு ஒரே மேடையில் பட்டம் வாங்கினார். பிறகு 98 வயதில் முதுகலையும் முடித்தார். அந்தக் கணக்கில் நம் தோழி இன்னும் சின்னப் பெண்தான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டவர்களை இங்கே அனுப்பி வையுங்கள்.

கணக்கில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கியவன் பிரிட்டனில், ஓய்வு பெற்றவர்கள் கூடிப் படிக்கும் ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழக’க் குழு ஒன்றில் வாராவாரம் கணிதம் சொல்லித் தருகிறான். இந்த ஏற்பாடு 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில், பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொடங்கியது. பிரிட்டனில் அதன் வடிவம் மாறிவிட்டது: பேராசிரியர் கிடையாது, தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது, உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் ஆசிரியர்கள். தேர்வில்லாத வகுப்பில் இவன் என்ன செய்கிறான் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நம் காலத்தில் மதிப்பெண் இல்லையென்றால் பேனாவையே திறக்கமாட்டான்.

கடைசி பெஞ்சு வாயாடி ஒருவழியாகக் காதொலிக் கருவி வாங்கிவிட்டான். நான்கு வருடமாக, “எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, நீங்கள்தான் முணுமுணுக்கிறீர்கள்” என்று சண்டை. அவன் சொன்னதில் பாதி உண்மை. வயதில் முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். ‘ஆ’, ‘ஓ’ எல்லாம் கேட்கும். ‘ச’, ‘ஸ’ போன்றவை நழுவிவிடும். சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. போன ஞாயிறு காணொளி அழைப்பில் அவன் முதலில் சொன்னது: “ஏன்டா எல்லோரும் இப்படிக் கத்துகிறீர்கள்?”

மூட்டு மாற்றியவர்கள் நான்கு பேர். நால்வரும் நடக்கிறார்கள், நால்வருமே அடுத்தவருக்கு ஆலோசனை சொல்கிறார்கள். காடு வா வா என்கிறது என்று எழுதியவனுக்கு, அவன் இருக்கும் ஊரில் காடே இல்லை என்று நினைவூட்டினேன். தாத்தா பாட்டி ஆனவர்கள் பட்டியல் நீளம். படங்கள் வேண்டாம், போன தடவை என் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது.

எனக்கு வந்ததிலேயே சிறிய பதில் மூன்று வரி. அவன் மனைவிக்கு மறதி நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது. கணவன் பெயர் நினைவில்லை. பாட்டு மட்டும் இருக்கிறது. முதல் அடியை இவன் எடுத்துக் கொடுத்தால் மீதியை அவர் பாடுகிறாராம். “சொல்ல ஒன்றுமில்லை. நேற்று இரவு அவள் ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். நானும்.” இவ்வளவுதான் எழுதியிருந்தான். அவன் இருக்கும் நாட்டில் நம் குழுவினர் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் யாராவது போய் உட்கார்ந்தால் அவன் முடி வெட்டிக்கொண்டு வருவான்.

இந்த வருடம் இரண்டு பேர் தவறிவிட்டார்கள். குடும்பத்தாருக்கு எழுதிவிட்டேன். அதில் ஒருவரோடு நான் 20 வருடம் பேசாமல் இருந்தேன். காரணம் இப்போது எனக்கே சரியாக நினைவில்லை.

எதற்காக இந்தக் கணக்கெடுப்பு என்று ஒருவன் கேட்டான். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கிய ஓர் ஆய்வுக்கு 268 கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஜான் கென்னடியும் அவர்களில் ஒருவர். 50 வயதில் உறவுகளில் திருப்தியாக இருந்தவர்களே 80 வயதில் அதிக ஆரோக்கியமாக இருந்தார்களாம். அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேரும் ஒரே கல்லூரி என்பதால் அப்படியே நமக்குப் பொருத்த நான் தயங்குவேன். ஆனாலும், அவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்ப ஓர் ஆய்வகம் இருந்தது. நமக்கு அந்த வேலையை ஓசியில் நான் செய்கிறேன். பதில் போடாத 12 பேரும் கவனிக்கவும்.

அப்புறம், அந்த 12 பேரில் ஒருவனுக்கு அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. தொலைபேசி எண்ணும் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. விடுதியில் எனக்கு அடுத்த அறை, விசில் அடித்துக்கொண்டே மாடிப்படி ஏறுபவன். யாருக்காவது தெரிந்தால் அவனைக் கேட்டுவிட்டு எண்ணை அனுப்புங்கள். அவனுடைய லாக் டேபிள் புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.