உடல் தகுதிக் கூறுகள்: ‘மூச்சாற்றல்’ என்னும் பரிந்துரை குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

உடல் தகுதிக் கூறுகளுக்கான சொற்பட்டியலில், நெடுநேர உழைப்புக்கு இதயமும் நுரையீரலும் சேர்ந்து ஈடுகொடுக்கும் தன்மைக்கு ‘மூச்சாற்றல்’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. சொல் சுருக்கமானது, ஓசையும் நன்று. ஆயினும், இராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்திற்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட ஊர்ப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி கற்பிப்பவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை.

சங்கு குளிப்போரும், பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்களும் வாழும் இக்கரையில், ஒருவருக்கு மூச்சு நன்றாக உண்டு என்றால் அவர் நீருக்கடியில் நெடுநேரம் இருக்க வல்லவர் என்றே மாணவர்கள் பொருள்கொள்வார்கள். அது மதிக்கத்தக்க திறமை. ஆனால் நாம் பெயரிட விரும்புவது வேறொன்று. ஓடும்போது இதயம் விரைந்து துடிக்கிறது. மூச்சை அடக்கி முகத்தை நீரில் அமிழ்த்தும்போது துடிப்பு குறைகிறது. மூச்சடக்கும் நேரத்தைப் பெரும்பாலும் வரையறுப்பது, இரத்தத்தில் சேரும் கரியமில வாயுவை எவ்வளவு பொறுத்துக்கொள்ள முடிகிறது என்பதே. நெடிய ஓட்டத்திலோ, உயிர்வளியை (ஆக்சிஜனை) இரத்தம் எவ்வளவு விரைவாகத் தசைகளுக்குக் கொண்டுசேர்க்கிறது, தசைகள் அதை எவ்வளவு பயன்படுத்துகின்றன என்பவையே எல்லையை வகுக்கின்றன. பகல் முழுவதும் நீந்தி மூழ்கும் ஒருவரிடம் இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்றாலும், இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் பாடம் குழம்பும்.

மேலும், நலமாக உள்ள பெரும்பாலோருக்குக் கடும் உழைப்பின்போது தடையாக நிற்பது நுரையீரல் அன்று. ஓய்வில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்தும் இதயம், பயிற்சி இல்லாதவரிடம் 20 லிட்டர் அளவுக்கும், தேர்ந்த நெடுந்தொலைவு வீரர்களிடம் 35 லிட்டர் வரையிலும் செலுத்துகிறது. வேறுபாடு பெரிதும் இங்குதான் பிறக்கிறது. மூச்சை மட்டும் சுட்டும் பெயர் இந்த உண்மையை மறைத்துவிடும்.

ஆகவே ‘நெஞ்சுத் தாங்குதிறன்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். தமிழில் நெஞ்சு என்பது இதயத்தையும் நுரையீரலையும் தாங்கிய மார்பு முழுவதையும் குறிக்கும். நெஞ்சு படபடக்கிறது என்றும் நெஞ்சில் சளி என்றும் ஒரே சொல்லைத்தான் ஆள்கிறோம். நெஞ்சு என்றால் மனமும் ஆயிற்றே, துயரைத் தாங்குவது என்று படிக்க மாட்டார்களா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் பட்டியலில் ‘தசைத் தாங்குதிறன்’ அடுத்தே நிற்பதால் அந்த ஐயம் எழாது என்று நம்புகிறேன்.

உடல் தகுதியை விளக்கி 1985இல் காஸ்பர்சன், பவல், கிறிஸ்டென்சன் ஆகிய ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை, தசை வலிமையையும் தசைத் தாங்குதிறனையும் தனித்தனிக் கூறுகளாகவே வைக்கிறது. நங்கூரத்தை ஒரே மூச்சில் தூக்குவது முன்னது. மீன் சேரும் பையான மடி கரைசேரும் வரை, கரையில் நின்று கரைவலையை விடாமல் இழுப்பது பின்னது. இந்த வேறுபாட்டை எங்கள் மாணவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. உடலின் கொழுப்பு, தசை, எலும்பு ஆகியவற்றின் விகிதத்திற்கு ‘உடற்கட்டு’ என்பது பொருந்தாது, அது தோற்றத்தைக் குறிப்பது, ‘உடற்சேர்மானம்’ எனலாம்.

கூறுகளைப் பாதிக்கும் காரணிகளில் வயது, மரபு, பயிற்சி, உணவு, உறக்கம் ஆகியவை பட்டியலில் உள்ளன. பயிற்சி இல்லாதவரின் நெஞ்சுத் தாங்குதிறன் 30 வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது என்பதையும், ஒரே பயிற்சியைச் செய்வோரிடையே முன்னேற்றம் வேறுபடுவதற்கு மரபும் ஒரு காரணம் என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். விடுபட்டிருப்பது தட்பவெப்பம். ஈரப்பதம் மிகுந்த கடலோர வெயிலில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடலைத் தணிக்க இரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குத் திருப்பப்படுவதால், அதே ஓட்டத்திற்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் எடுத்த அளவீட்டை மார்கழிக் காலையின் அளவீட்டோடு அப்படியே ஒப்பிட்டு ஒரு மாணவரைத் தகுதி குறைந்தவர் என்று எழுதுவது அநீதி. ‘சூழல் வெப்பம்’ என்ற பதிவைக் காரணிகளில் சேர்க்கக் கோருகிறேன்.

‘மூச்சாற்றலை’ முன்மொழிந்த நண்பருக்கு ஒரு வேண்டுகோள். மூச்சடக்கும் திறமைக்கும் பட்டியலில் தனிப் பதிவு தேவை. அதற்கு அவருடைய சொல்லையே வழங்கலாமா, ‘மூச்சடக்கு திறன்’ என்று வெளிப்படையாக எழுதுவது மேலா என்பதை அவரே முடிவுசெய்து எழுதட்டும்.

அன்புடன்,
மண்டபம் பகுதி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்