லுவார் ஆற்றங்கரையில் மிதிவண்டி: ரெயூனியன் தமிழர் சிலரின் அனுபவங்கள்

சேந்தாந்த்ரே உறுப்பினர் (பூர்வீகம் காரைக்கால்):

அனைவருக்கும் வணக்கம். பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் மிதிவண்டியில் சென்று வந்தவர்கள், வழியில் யாரைச் சந்தித்தார்கள், என்ன கண்டார்கள் என்பதை நம் குழுவில் எழுதும்படி கேட்டிருந்தீர்கள். நம் ரெயூனியன் தீவில் ஓட்டிப் பழகிய கால்களுக்கு அந்தப் பள்ளத்தாக்கு எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பயன்படும் என்று நினைக்கிறேன். 2,512 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவில் 3,070 மீட்டர் உயரத்துக்கு மலை நிற்கிறது. சிலாவோஸ் போகும் சாலைக்கு 400 வளைவுச் சாலை என்றே பெயர். சமதளம் என்று சொல்லத்தக்கது கடலோரப் பட்டை ஒன்றுதான். அங்கேயும் ஜூலையில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால், ஆண்டு முடியும்வரை கரும்பு ஏற்றிய கஷலோ என்னும் பெரிய லாரிகள் புவா-ரூஜ் சர்க்கரை ஆலையை நோக்கி வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அவை உரசுவதுபோலக் கடக்கையில் சாலையோரப் புல்லில் இறங்கி நிற்காதவர் நம்மில் ஒருவரும் இருக்க மாட்டார்.

லுவார் மிதிவண்டித் தடம், நெவேர் நகருக்குப் பக்கத்திலுள்ள குஃபி என்னும் சிற்றூரில் தொடங்கி, அட்லாண்டிக் கரையிலுள்ள சேன்-பிரெவேன்-லெ-பேன் வரை ஏறத்தாழ 900 கிலோமீட்டர் செல்கிறது. அதன் பெரும்பகுதி, அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை நீளும் யூரோவெலோ 6 தடத்தோடு ஒன்றியே போகிறது. ஆனால் முழுவதும் வாகனமில்லாப் பாதை என்று நம்பிப் புறப்பட வேண்டாம். மிதிவண்டிக்கென்றே போட்ட தனிப்பாதையும், ஊர்க்காரர்களின் கார் எப்போதாவது வரும் கரைச் சாலையும், திராட்சைத் தோட்டங்களுக்கு இடையிலான ஒற்றையடி வழியும் மாறி மாறி வரும். தூர் நகரிலிருந்து விலாந்திரி வரை ஷேர் ஆற்றை ஒட்டிச் செல்லும் பகுதியைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். குழந்தைகளை முன்னால் ஓடவிட்டுப் பின்னால் நிம்மதியாக வரலாம். விலாந்திரியைத் தாண்டியதும் பாதை லுவாரின் கரைமேல் ஏறிக்கொள்கிறது. கொள்ளிடக் கரைமேல் சைக்கிளில் போயிருப்பவர்களுக்கு அது பழகிய இடம் போலவே தோன்றும்: ஒரு பக்கம் மணல் திட்டுகளுக்கு நடுவே நெளியும் ஆறு, மறுபக்கம் ஆள் உயரத்துக்குக் கீழே வயலும் வீடுகளும்.

சமதளம் என்றால் உழைப்பில்லை என்று நம்மவர்கள் நினைப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தடத்தின் தொடக்கத்துக்கும் கடலுக்கும் இடையே உயர வேறுபாடு 200 மீட்டர்கூட இல்லை. கிலோமீட்டருக்குக் கால் மீட்டர் என்றுகூடக் கணக்கு வராது. அப்படியிருக்க, ஆறு ஓடும் திசையில் போனால் இறக்கமாக இருக்கும் என்பது வெறும் பேச்சு. இறக்கம் இல்லாததால் பெடலை நிறுத்திவிட்டு உருண்டு போகும் ஓய்வும் இல்லை. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்து, இறக்கத்தில் உடம்பைத் தளர்த்தும் பழக்கமுள்ள நமக்கு, நாள் முழுவதும் ஒரே நிலையில் அமர்ந்து ஒரே கியரில் மிதிப்பதுதான் கடினம். முதலில் வலிப்பது காலன்று, இருக்கையில் அமரும் இடம். கடலிலிருந்து வீசும் மேற்குக் காற்று வேறு இருக்கிறது. ஆற்றின் கரை, வயல்களைவிட உயர்ந்திருப்பதால் அக்காற்றுக்கு மறைப்பே கிடையாது. தென்கிழக்குக் காற்றில் வளர்ந்த நமக்குக் காற்று புதிதல்ல என்றாலும், இங்கே ஒரு மலைச்சரிவு திரும்பினால் அது தணிந்துவிடும். அங்கே மாலைவரை விடாது. ஆகவே நாங்கள் வழக்கமான திசையை விட்டுவிட்டு, மேற்கிலிருந்து கிழக்காக, ஆற்றை எதிர்த்து, காற்று முதுகில் படும்படி சென்றோம்.

அதனால்தான் அந்தச் சந்திப்பும் வாய்த்தது. பிரெஹெமோன் படித்துறைக்குச் சற்று முன்னால் வண்டியை நிறுத்தி, பின்தங்கிவிட்ட மனைவியிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். கீழே நீரோரத்தில் இரண்டு தூண்டில்களை ஊன்றி உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்து, "அண்ணை, நீங்கள் தமிழோ? எல்லாரும் கடல் பக்கம் போறாங்கள், நீங்கள் மட்டும் ஏன் இந்தப் பக்கம் வாறியள்?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், தூரில் ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை செய்கிறார், விடுமுறை நாளில் மீன் பிடிக்க வருகிறார். காற்றின் கதையைச் சொன்னதும் சிரித்தார். தானும் வேலைக்குச் சைக்கிளில்தான் போவதாகவும், போகும்போது காற்றைத் திட்டுவதாகவும், திரும்பும்போது அதை நினைப்பதே இல்லை என்றும் சொன்னார்.

அவர் பிடித்து வைத்திருந்தது சிலூர் என்ற பெரிய கெளுத்தி வகை. லுவாரில் இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் மீன் அது. அவரிடம் இருந்தது கை நீளந்தான். பக்கத்தில் தூண்டில் போடுபவர்கள் இதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்களாம். அவருக்கு அது பொறுக்கவில்லை. செதில் இல்லாத தோலை உப்பும் மாவும் போட்டுத் தேய்த்து, வழுவழுப்பு நீங்கியபின் உரித்து, வயிற்றுக் கொழுப்பை நறுக்கி எறிந்துவிட்டு, புளியும் வறுத்த தூளும் போட்டுக் குழம்பு வைத்தால் சேற்று வாடை துளியும் இராது என்று, விரலால் வெட்டும் இடத்தைக் காட்டிக்கொண்டே விளக்கினார். என் மனைவி வந்து சேர்வதற்குள் நாங்கள் மிளகாய்த்தூள் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்பது வரை பேசி முடித்திருந்தோம்.

ஊருக்குள் நுழைந்ததும் அந்த மீன்காரத் தம்பி பார்க்கச் சொன்ன சுவரைத் தேடிப் பார்த்தோம். லுவார்க் கரையூர்களில் வெள்ளம் வந்த உயரத்தைக் கல்லில் கோடாக வெட்டி ஆண்டைப் பொறித்திருக்கிறார்கள். 1846, 1856, 1866 ஆகிய மூன்றையும் மீண்டும் மீண்டும் காணலாம். 1856 ஜூன் மாதத்து வெள்ளத்தில் கரைகள் பல இடங்களில் உடைந்தன. கரையை உயர்த்த உயர்த்த ஆறு குறுகி, நீர்மட்டமும் ஏறியது என்பதைப் பொறியாளர்கள் அதன்பிறகு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நாம் சொகுசாக மிதிவண்டி ஓட்டும் மேடு, இடைக்காலத்திலிருந்து மக்கள் உயிருக்குப் பயந்து கட்டிக் கட்டி உயர்த்தியது. இருப்புப்பாதை வந்தபின் ஆற்றின் சரக்குப் படகுத் தொழில் ஓய்ந்துவிட்டது. பெரிய படித்துறைகள் மட்டும் ஊர் அளவுக்குப் பொருந்தாமல் அகன்று கிடக்கின்றன. மணல் திட்டுகளில் ஆலாப் பறவைகள் முட்டையிடும் பருவத்தில் அங்கே இறங்கத் தடை உண்டு, குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சொமூருக்கு அருகில், சூஸே-ஷாம்பிஞி என்ற ஊரில், மலையைக் குடைந்த பழைய தெருவின் ஊடாகவே தடம் போகிறது. வெயிலில் வந்தவர்களுக்கு உள்ளே குளிரும். அப்பகுதியில் சிறு ஏற்றங்கள் உண்டு, நமக்கு அவை ஒரு பொருட்டே இல்லை.

லெ போர் உறுப்பினர்:

அண்ணன் எழுதியதில் பயண ஏற்பாடு பற்றி இல்லை, அதைச் சேர்க்கிறேன். மின்சார மிதிவண்டி வைத்திருப்பவர்கள் அதை மின்கலத்தோடு தீவிலிருந்து எடுத்துச்செல்ல முடியாது. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலத்தைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். மிதிவண்டி மின்கலம் எதுவும் அந்த அளவுக்குள் அடங்குவது அரிது. விமான நிலையத்தில் எனக்கு முன்னால் நின்ற முதியவர் ஒருவர், அட்டைப்பெட்டியைப் பிரித்து மின்கலத்தைக் கழற்றித் தம் மகனிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, அது இல்லாமலே வண்டியை ஏற்றினார். அவரைப் பின்னர் அம்புவாஸ் அருகே கண்டேன். அந்தக் கனத்த வண்டியை வெறும் காலால் மிதித்துக்கொண்டு, என்னைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்! மற்றவர்கள் தூரிலோ புளுவாவிலோ வாடகைக்கு எடுத்துக்கொள்வதே நல்லது. கோடையில் ஓர்லியானுக்கும் நாந்துக்கும் இடையே மிதிவண்டிக்கெனத் தனி இடமுள்ள இரயில்களும் ஓடுகின்றன. காற்று மிஞ்சினால் ஏறிக்கொள்ளலாம். தங்குவதற்கு "அக்கேய் வெலோ" முத்திரை உள்ள விடுதியாகப் பாருங்கள்; தடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும், வண்டியைப் பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் தருவார்கள்.

சேன்-பியேர் உறுப்பினர்:

தண்ணீரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. ஊர்கள் சிறியவை, திங்கட்கிழமை பல இடங்களில் ரொட்டிக்கடைகூடத் திறப்பதில்லை. போழான்சியைத் தாண்டி நாங்கள் அப்படி வறண்டு நின்றபோது, தொட்டில் வண்டியில் இரு பிள்ளைகளை இழுத்து வந்த டச்சுத் தம்பதியர் எங்களிடம், "இடுகாட்டுக்குப் போங்கள்" என்றார்கள். விளையாட்டாகச் சொல்கிறார்கள் என்றே என் கணவர் நினைத்தார். பிரான்சில் கல்லறைப் பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக இடுகாட்டுக்குள் குழாய் வைத்திருப்பார்கள். நெடும்பயணம் போகும் மிதிவண்டிக்காரர்கள் பலரும் அதில்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

கோயில் திருவிழாவுக்கு மாலை போட்டு விரதம் இருப்பவர் என் கணவர். இடுகாட்டுக்குள் கால் வைத்தால் குளிக்காமல் வீட்டுப்படி ஏறமாட்டார். அவர் வாசலிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய்ப் பிடித்து வந்தேன். குழாயருகே பூவாளியை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, நான் புட்டியை நீட்டியதும் தன் வாளியை எடுத்துக்கொண்டு இடம் விட்டார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். ரெயூனியன் என்றதும், எரிமலையை வண்டியிலேயே ஏறிப் பார்த்திருக்கிறீர்களா என்று மறுகேள்வி போட்டார். வெளியே வந்தபோது கணவர் முதலில் அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார், பிறகு குடித்தார். அதன்பின் ஊர் தெரிந்தாலே அவர் கண் தேவாலயக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இடுகாட்டு மதிலைத்தான் தேடியது. "ஓ நோன் பொத்தாப்ளு" (குடிக்க உகந்த நீரன்று) என்று பலகை மாட்டியிருந்தால் மட்டும் அந்தக் குழாயை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுங்கள்.