ஆர்ட் பிரைஸும் எங்க வீட்டு குரூப்பும்

அத்தை: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நம்ம சர்ச்ல ஆர்ட் பிரைஸ் வைக்கிறோம், தலைப்பு "நம்பிக்கை". ஓவியம், போட்டோ, சிற்பம், துணி வேலை எதுவா இருந்தாலும் சரி. நான் கமிட்டில இருக்கேன், நம்ம வீட்ல இருந்து ஒருத்தர்கூட பேர் குடுக்கலன்னா எனக்குத்தான் அசிங்கம்

தம்பி: அத்தை நீங்க கமிட்டில இருக்கறப்ப நாங்க கலந்துக்கிட்டா போங்காட்டம்னு சொல்ல மாட்டாங்களா 😄

அத்தை: நான் சேர் போடுற கமிட்டிடா. ஜட்ஜ் எல்லாம் வெளியாளுங்க, படத்துல பேர் இருக்காது, நம்பர் மட்டும் ஒட்டித்தான் அவங்ககிட்ட போகும்

சித்தப்பா: இப்பவே சொல்லிடறேன். பாதிப்பேர் சூரிய உதயம் வரைவாங்க, மீதிப்பேர் வெடிச்ச தரையில ஒரு செடி முளைக்கிற மாதிரி வரைவாங்க, அதுல மிஞ்சினவன் புறாவ வரைவான்

அம்மா: புறாவுக்கு என்ன குறைச்சல், பைபிள்ல நோவா கதையிலயே வருதே, வெள்ளம் வடிஞ்சுதான்னு பாக்க பேழையில இருந்து அனுப்புவாரே

சித்தப்பா: புறாவ குறை சொல்லல அண்ணி. அந்தப் புறா மொதல் தடவ போய் கால் வைக்க எடமில்லாம திரும்பி வந்துச்சு பாருங்க, நோவா கையை நீட்டி அதப் புடிச்சு உள்ள எடுத்துக்கிட்டாருன்னு இருக்கு, அதை வரைஞ்சு நான் பாத்ததே இல்ல. எல்லாருக்கும் ஒலிவ இலையோட வந்த புறாதான் வேணும். தண்ணி வடிஞ்சப்புறம் நம்பறதுல என்ன இருக்கு

அக்கா: சித்தப்பா பாயிண்ட்

நான்: அத்தை ஒரு டவுட், சர்ச் ஆளுங்க மட்டும்தானா? என் கூட வேலை பாக்குற பொண்ணு சூப்பரா வரைவா, ஆனா அவங்க கிறிஸ்டியன் இல்ல

அத்தை: யாரு வேணாலும் கலந்துக்கலாம். சாமி நம்பிக்கை இல்லாதவங்ககூட. அக்கம்பக்கத்து ஜனங்க உள்ள வந்து நாலு பேர் கூட பேசணும்னுதான வைக்கிறதே

சித்தப்பா: அதான் சரி. ஆஸ்திரேலியாவுல பிளேக் பிரைஸ்னு ஒண்ணு 1951ல இருந்து நடக்குது, சமயம் சார்ந்த கலைக்குன்னு ஆரம்பிச்சது, எந்த மதமா இருந்தாலும் எதுவும் இல்லாட்டியும் அனுப்பலாம். வெளியாளு வந்தாதான் படம் நல்லா வரும், உள்ளாளுங்க நமக்கு ஏற்கனவே தெரிஞ்சதையே திருப்பிக் காட்டுவாங்க

அம்மா: உங்களுக்கு உள்ளாளுங்க மேல என்ன கோவம்னே தெரியல

தம்பி: ஏஐல போட்டு எடுத்தா ஒத்துப்பாங்களா. ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுவேன்

அத்தை: கூடாது. கையால பண்ணதா இருக்கணும்னு ரூல்ஸ்லயே போட்டாச்சு. கீழ ஒரு குறிப்பு வேற எழுதித் தரணும், 100 வார்த்தைக்குள்ள, ஏன் இதை வரைஞ்சேன்னு

தம்பி: குறிப்பையாச்சும் ஏஐ எழுதலாமா

அத்தை: அடி வாங்குவ

அக்கா: எனக்கு வரையணும்னு ஆசையாத்தான் இருக்கு ஆனா என்ன வரையறதுன்னு தெரியல. நம்பிக்கைன்னாலே மனசுல வெளிச்சம்தான் வருது, சித்தப்பா சொன்ன அதே சூரியன்

சித்தப்பா: வாட்ஸ்னு ஒரு இங்கிலாந்து ஓவியர், 1886ல "நம்பிக்கை"ன்னே பேர் வச்சு ஒரு படம் வரைஞ்சாரு. ஒரு பொண்ணு கண்ணைக் கட்டிக்கிட்டு உலக உருண்டை மேல குனிஞ்சு உக்காந்திருக்கும், கையில யாழ் மாதிரி ஒரு வாத்தியம், எல்லா தந்தியும் அறுந்து ஒண்ணே ஒண்ணு பாக்கி, அதுல காது வச்சுக் கேட்டுக்கிட்டிருக்கும். தலைப்ப மறைச்சுட்டுப் பாத்தா இது சோகப் படம்னுதான் சொல்லுவ

நான்: இப்பதான் தேடிப் பாத்தேன். உண்மையிலயே அழற மாதிரி இருக்கு

அக்கா: எனக்கு இத்தாலி ஓவியர் ஜாட்டோ வரைஞ்சதுதான் புடிக்கும். அங்க பாதுவாங்கற ஊர்ல ஒரு சேப்பல், 1300களோட ஆரம்பத்துல வரைஞ்சது, அதுல நம்பிக்கையை ரெக்கையோட மேல பறந்து ஒரு கிரீடத்துக்கு கை நீட்டுற மாதிரி வரைஞ்சிருப்பாரு. கலரே கெடையாது, கல்லுல செதுக்கின மாதிரி வெறும் சாம்பல் நிறம். எதிர் சுவர்ல அதுக்கு நேரா அவநம்பிக்கையை வரைஞ்சு வச்சிருக்காரு, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டிருக்கும்

சித்தப்பா: அப்புறம் என்ன, நீயே சொல்லிட்ட. எதிர் சுவரும் படத்துக்குள்ள வரணும். இருட்டு இல்லாம நம்பிக்கைய வரைஞ்சா அது வாழ்த்து அட்டை

அம்மா: காலைலயே இருட்டு இருட்டுன்னு பேசாதீங்க ரெண்டு பேரும்

அத்தை: இரு நான் ஒண்ணு சொல்றேன். பைபிள்ல எரேமியா 32ஆம் அதிகாரம் எடுத்துப் படி

அக்கா: அதுல என்ன அத்தை

அத்தை: எருசலேமை பாபிலோன்காரன் சுத்தி வளைச்சு உக்காந்திருக்கான், நகரம் விழப்போகுதுன்னு தீர்க்கதரிசி எரேமியாவே சொல்லிச் சொல்லி அதுக்காகவே ராஜா அவரை காவல்ல போட்டிருக்கான். அந்த நேரத்துல பங்காளி ஒருத்தன், அனாமெயேல்னு பேரு, காவற்சாலை முற்றத்துக்கே வந்து ஆனதோத்துல இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கோங்கறான். இவரும் 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் குடுத்து வாங்கறாரு. சாட்சி வச்சு, பத்திரம் எழுதி, முத்திரை போட்ட பிரதி ஒண்ணு, திறந்த பிரதி ஒண்ணு, ரெண்டையும் ரொம்ப நாள் இருக்கட்டும்னு மண்பாண்டத்துல வைக்கச் சொல்றாரு. அடுத்த வருஷமே நகரம் போயிடுச்சு

தம்பி: அதாவது முழுகப்போற நிலத்தை சொந்தக்காரன் தலையில கட்டிட்டுப் போயிட்டான் 😂😂

அம்மா: பங்காளிங்க அன்னைக்கும் அப்படித்தான் போல

சித்தப்பா: அண்ணி இது எனக்கா

அம்மா: பொதுவா சொன்னேன்

நான்: 17 சேக்கல்னா எவ்வளவு இருக்கும்

சித்தப்பா: ஒரு சேக்கல் 11 கிராம் சொச்சம், மொத்தமே 200 கிராம் கிட்டதான் வரும். அப்பல்லாம் அந்தப் பக்கம் காசு கெடையாது, வெள்ளித் துண்டை தராசுல வச்சு நிறுக்கணும்

அக்கா: அய்யோ அத்தை இது வேற லெவல். எதிரி வாசல்ல நிக்கறப்ப ஒருத்தன் பொறுமையா தராசு புடிச்சு வெள்ளி நிறுத்துக்கிட்டிருக்கான்

அத்தை: அதான் சொல்றேன். அவருக்கு அந்த நிலத்துல ஒரு நாளும் காலெடுத்து வைக்க முடியாதுன்னு தெரியும். இந்த தேசத்துல மறுபடி வீடும் வயலும் வாங்குவாங்கன்னு கர்த்தர் சொன்னாருன்னுதான் வாங்கறாரு

சித்தப்பா: கதை பிரமாதம்க்கா. ஆனா படமா பாத்தா ஒருத்தனுக்கும் புரியாது, ஏதோ வட்டிக்கடைன்னு நெனச்சுப்பாங்க

அக்கா: குறிப்பு இருக்குல்ல

சித்தப்பா: குறிப்பு படிச்சாதான் புரியும்னா படம் எதுக்கு, குறிப்பையே ஃபிரேம் போட்டு மாட்டிடலாமே

நான்: ஜன்னல் வழியா வெளிய முற்றுகை மேடு தெரியற மாதிரி வரைஞ்சா?

அக்கா: அப்ப எல்லார் கண்ணும் அங்கதான் போகும். எனக்கு தராசுதான் நடுவுல வேணும். ஒரு தட்டுல வெள்ளித் துண்டு, எல்லாம் வேற வேற சைஸ்ல வெட்டினது, மேல லேசா புழுதி படிஞ்சிருக்கு, சுவர் இடியற புழுதி, மேல இருந்து உதிர்ந்துக்கிட்டே இருக்கு. சண்டையைக் காட்டவே மாட்டேன், புழுதி மட்டும்தான்

அம்மா: அந்த பத்திரத்தை வாங்கி வச்சானே ஒருத்தன், அவன் பேர் என்ன

அத்தை: பாருக்

அம்மா: அவன் மூஞ்சிய வரைடி. இந்த மனுஷனுக்கு மூளை கெட்டுப்போச்சான்னு ஒரு பார்வை பாத்துக்கிட்டே கையில பத்திரத்தை வாங்கியிருப்பான்ல, அதைப் பாத்தா எல்லாருக்கும் புரியும், சின்னப்புள்ளைக்குக்கூட

சித்தப்பா: 👏 அண்ணி நீங்கதான் ஜட்ஜா போகணும்

அக்கா: அம்மாாா. எரேமியா முகம் வேண்டாம், கை மட்டும் போதும். முகம் பாருக்குக்குதான். முடிஞ்சுது, இதான்

அத்தை: சரி ஆசைல மறந்துடாத, எல்லாம் ஃபிரேம் போட்டு பின்னாடி ரெண்டு பக்கமும் வளையம் வச்சு கம்பி கட்டிக் குடுக்கணும், நூல் கயிறெல்லாம் வாங்க மாட்டோம். நீ ஆயில்ல பண்ணா இப்பவே ஆரம்பி, காயாம ஈரமா கொண்டுவந்தா பக்கத்துப் படத்துல ஒட்டிக்கும்

அக்கா: அக்ரிலிக்லதான் பண்ணப்போறேன், அது சீக்கிரம் காஞ்சிடும். கண்ணாடி போடலாமா

அத்தை: போடலாம், ஆனா ஹால் லைட்டு அதுல அடிக்கும், படம் தெரியாது, பாக்கறவங்க மூஞ்சிதான் தெரியும்

தம்பி: பீப்பிள்ஸ் சாய்ஸ் அவார்ட் இருக்கா, ஓட்டு கேக்க நான் ரெடி

அத்தை: இருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு சீட்டுதான், நீ பெட்டிகிட்டயே வரக்கூடாது

அக்கா: ஃபார்ம் அனுப்பிட்டேன் அத்தை

அத்தை: பாத்தேன். விற்பனைக்கா இல்லையான்னு ஒரு கட்டம் இருக்கு பாரு, அதை டிக் பண்ணாம விட்டிருக்க. வித்தா ஒரு பங்கு சர்ச்சுக்கு, அதையும் படிச்சுக்கோ

அக்கா: விக்கல

சித்தப்பா: 17 சேக்கல் தரேன்

அம்மா: குடுத்துடாதடி, பங்காளி