தங்கச்சிமடம், தனுஷ்கோடி குடும்ப வழி: 1900-க்கு முன்னால் போக எந்தப் பதிவேடு?

பாம்பன்கரை:
வணக்கம். தங்கச்சிமடத்துக் கத்தோலிக்க மீனவக் குடும்பம். பாட்டனார் பெயர் சந்தியாகு, பிறப்பு 1921 வாக்கில், 1964 புயல் வரை தனுஷ்கோடியில் குடியிருப்பு. அவர் தம்பி 1930-களில் இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர். பூட்டனாரையும் அவருக்கு முந்தினவர்களையும் தேட வேண்டும். ஞானஸ்நானப் புத்தகத்தில் 'சந்தியாகு' என்று ஒரு பதிவும் தட்டுப்படவில்லை. எங்கே தொடங்குவது?

ஓலைக்குடா:
அந்தப் பெயரில் தட்டுப்படாது. பதிவு லத்தீனில் இருந்தால் சந்தியாகு, யாகப்பன் ரெண்டு பேருமே 'யாக்கோபுஸ்'தான். இராயப்பன் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ். தகப்பன் பெயர் வேற்றுமை உருபோடு வரும்: 'ஃபிலியுஸ் பெத்ரி' என்றால் இராயப்பன் மகன். பெத்ரி என்று தனி ஆளைத் தேடிப் போயிடாதீங்க.

வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோயில் இருக்கிற ஊர், யாக்கோபுஸ் நிறையவே இருப்பார்கள். தகப்பன், தாய் ரெண்டு பெயரும் பொருந்தினால் மட்டும் ஏத்துக்கிடுங்க. ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயரையும் விடாமல் எழுதிக்கிடுங்க. பெரும்பாலும் மாமனோ சித்தியோதான், கிளைக் குடும்பம் அங்கேதான் பிடிபடும்.

முதலில் எடுக்க வேண்டியது திருமணப் புத்தகம். அதில் இருவரின் பெற்றோர் பெயரும் எந்தப் பங்கு (ஒரு பங்குத்தந்தையின் கீழ் வரும் கோயில் வட்டாரம்) என்பதும் இருக்கும். அங்கிருந்து ஞானஸ்நானத்துக்குப் போங்க. 1918-க்குப் பிறகு திருமணத்தை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே குறிக்கணும் என்பது திருச்சபைச் சட்டம், ஆகவே ஓரக்குறிப்பைப் பார்த்துச் சரிபார்க்கலாம். அந்தக் காலத்தில் உங்க ஊர் எந்தப் பங்கின் கிளை என்று பங்குத்தந்தையிடம் முதலில் கேளுங்க, கிளை ஊர்ப் பதிவு தலைமைப் பங்கில் இருக்கும். தாள் பொடியும், புரட்டுவதை அவரிடமே விட்டுடுங்க.

பாம்பன்கரை:
திருமணம் தனுஷ்கோடியிலேயே நடந்து, புத்தகம் புயலில் போயிருந்தால்?

ஓலைக்குடா:
பிள்ளைகள் திருமணத்தைப் பிடிங்க. 1964-க்குப் பிறகு ராமேஸ்வரத்திலோ தங்கச்சிமடத்திலோ நடந்ததில் பெற்றோர் பெயர் வரும்.

பழைய_பத்திரம்:
அரசுப் பக்கம் இரண்டு சொல்கிறேன். பழைய பிறப்புப் பதிவில் பெரும்பாலும் குழந்தைக்குப் பெயர் இருக்காது, 'ஆண்' என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயர், கிராமம் போட்டு, 1921 என்றால் 1919 முதல் 1923 வரை தேடச் சொல்லி மனுக் கொடுங்கள். தாலுகா அலுவலகம், சார்பதிவகம் இரண்டிலும் கேட்க வேண்டும். எல்லாப் பிறப்பும் அப்போது பதிவாகவில்லை. கிடைக்காவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

வீடோ மனையோ கைமாறியிருந்தால் கிரயப் பத்திரம் ஞானஸ்நானப் பதிவுக்கு இணையான சாட்சி. முதல் வரியிலேயே 'இன்னார் குமாரர் இன்னார்' என்று இருக்கும். இணையத்தில் வில்லங்கச் சான்று (சொத்து கைமாறிய பதிவுகளின் பட்டியல்) பெரும்பாலும் 1975-க்கு இப்பால்தான் வரும். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவகத்தில் கைத்தேடல், சொத்து வழியாக இல்லாமல் பெயர் அட்டவணை வழியாகக் கேளுங்கள். 1910-க்கு முந்திய தாள்களில் மாவட்டம் 'மதுரை ஜில்லா' என்றே இருக்கும். இராமநாதபுரம் மாவட்டம் அந்த ஆண்டில்தான் பிறந்தது.

மண்டபம்_கேம்ப்:
தம்பி குடும்பத்துக்கு மண்டபம் முகாமில் (இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த இடம்) தொடங்க வேண்டாம். இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்கள் வழியில் யாராவது திரும்பியிருந்தால் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வீட்டில் இருக்கும். மனைவி மக்கள் பெயர், வயது, சொந்த ஊர் எல்லாம் அதிலேயே வரும். வயதைத் தோராயமாக எழுதியிருப்பார்கள், இரண்டு மூன்று வருஷம் முன்பின் பாருங்கள்.

சொந்த மாவட்டம் 'ராம்நாட்' (இராமநாதபுரம்) என்று இருந்தால் கடற்கரை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1985-இல் பிரியும் வரை சிவகங்கையும் விருதுநகரும் அதற்குள்தான் இருந்தன. தாலுகாவும் கிராமமும் பொருந்தினால் மட்டுமே அது உங்கள் குடும்பம். திரும்பாமல் அங்கேயே தங்கியிருந்தால், தோட்டம் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று தெரிந்துகொண்டு அந்த வட்டாரப் பிரதேச செயலகத்தில் (இலங்கையின் வட்டார அரசு அலுவலகம்) பிள்ளைகளின் பிறப்புச் சான்றுக்கு எழுதுங்கள். தோட்டத்தின் பெயர் இல்லாமல் எழுதினால் தேட முடியாது.