மல்டிமீட்டர் மாற்ற வேண்டும், எதை வாங்கலாம்?

என் பழைய மல்டிமீட்டரின் சுழல் சுவிட்ச் தேய்ந்துவிட்டது. 9 வோல்ட் பேட்டரியை வைத்தால் 9.1 காட்டுகிறது, சுவிட்சை லேசாக அசைத்தால் 7க்கு இறங்குகிறது. கழற்றித் துடைத்தும் பார்த்தேன், இரண்டு நாள்தான் தாங்கியது.

நான் செய்வது ஆர்டுயினோ (புரோகிராம் செய்யும் சின்ன எலக்ட்ரானிக்ஸ் போர்டு), சின்ன பவர் சப்ளை, எப்போதாவது பழைய ரேடியோ. ஸ்லீப்பில், அதாவது வேலை செய்யாமல் உறக்க நிலையில், இருக்கும் போர்டு எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று பார்க்க மைக்ரோஆம்பியர் வரம்பு கட்டாயம் வேண்டும். கன்டின்யுவிட்டி பீப் (இணைப்பு அறாமல் இருந்தால் வரும் ஒலி) தொட்டவுடன் வர வேண்டும், அரை நொடி தாமதித்தாலும் எரிச்சல்தான். கெப்பாசிட்டர் அளந்தால் சரி, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பெரும்பாலும் டிசி வேலைதான், அதற்கு ட்ரூ ஆர்எம்எஸ் (ஏசி அலை சீராக இல்லாவிட்டாலும் சரியாக அளக்கும் வசதி) தேவையா? கவுண்ட், அதாவது திரை காட்டக்கூடிய படிகளின் எண்ணிக்கை, 2000லிருந்து 6000க்குப் போனால் வித்தியாசம் தெரிகிறதா? அப்புறம், மில்லிஆம்பியர் ஃபியூஸை அடிக்கடி எரிப்பவன் நான். அதைச் சுலபமாக மாற்ற முடிகிற மாடல் எது, பயன்படுத்துபவர்கள் சொல்லுங்களேன்.