புதுக்குடியிருப்புப் போர் அருங்காட்சியகம்: போனவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வட்டுவாகல் தம்பி:
2014 ஆவணி. கனடாவில் இருந்து வந்த மாமா குடும்பம் கேட்டதால்தான் போனோம். உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும், இராணுவம் புலிகளிடம் இருந்து பிடித்தவை: பீரங்கிகள், கடற்புலிகளின் படகுகள், ஆள் உள்ளே இருந்து ஓட்டும் நீர்மூழ்கிகள். நான் சொல்ல வந்தது அப்பாவைப் பற்றி. முப்பது வருடம் கடலுக்குப் போன மனுசன். ஒரு படகுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். அணியத்தில், அதுதான் முன்பக்கத்தில், பைபர் வெடித்து, உள்ளே இருந்த நார் வெளியே தெரிந்தது. சாம்பல் பெயின்ற் உரிந்த அந்த இடத்தில் கையை வைத்து, நாரை விரலால் அழுத்திப் பார்த்தார். "ஊத்தினவனுக்குத் தொழில் தெரியும்" என்றார். காவலுக்கு நின்ற சிப்பாய் "அல்லன்ன எபா" என்றான், தொட வேண்டாம் என்று. அப்பா கையை எடுத்துச் சாரத்தில் துடைத்தார்.

சின்னண்ணா படகு ஊத்துற இடத்தில் வேலை பழகியவன். 2009 மாசிக்குப் பிறகு அவனைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. வீடு வந்து சேரும்வரை அப்பா வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். அப்பா போய் மூன்று வருடமாகிறது.

பரந்தன் சந்தி:
நான் அங்கே போகவில்லை, ஆனையிறவோடு சரி. ஏ9 வீதியில் போகிற பஸ் எல்லாம் நிற்குமே, அந்தக் கவச புல்டோசர். 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் இயக்கம், புலிகள்தான், கொண்டுவந்தது. நாங்கள் நின்றபோது தெற்கில் இருந்து ஒரு சுற்றுலா பஸ் வந்தது. ஏழெட்டு வயதுப் பெடியன் ஒருவன் இரும்புத் தகட்டில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுவிட்டு, எடுக்க முடியாமல் கத்துகிறான். தாய் இழுக்க இழுக்க விரல் வீங்குகிறது. எங்கள் அம்மா கைப்பையில் இருந்து சித்தாலேப களிம்பை எடுத்து, விரலைச் சுற்றிப் பூசி, மெல்லத் திருப்பித் திருப்பி எடுத்துவிட்டார். "கவனம் ராசா" என்றார் தமிழில். அந்தத் தாய் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் ஏறின பிறகுதான் அம்மா கேட்டார்: "அந்த ஓட்டை விழேக்க உள்ளுக்கு இருந்தது ஆற்ற பிள்ளையோ?" கிளிநொச்சி வரும்வரை அழுதுகொண்டே வந்தார்.

குமுழமுனையாள்:
தம்பி, உங்கள் அப்பாவுக்காக மனம் வலிக்கிறது. ஆனால் ஏன் போகிறீர்கள்? வென்றவர்கள் அடுக்கி வைத்த சாமான்கள்தானே? நான் வாசலோடு திரும்பி வந்தவள். உள்ளே சனம் பீரங்கியோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. 2009 தையில் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் எங்கள் பங்கர் இருந்தது. மண்மூட்டைக்குச் சாக்கு இல்லாமல் அம்மாவின் சேலைகளைக் கிழித்துத் தைத்தோம். கடைசியாகக் கூறைச்சேலை. அதை வெட்டும்போது அம்மா அந்தப் பக்கம் திரும்பி நின்றார். அதை எந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
முதலில் ஒரு திருத்தம். பரந்தன் சந்தி சொல்கிற புல்டோசர் 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் வந்தது இல்லை. 1991 ஆடியில் புலிகள் ஆனையிறவு முகாமைத் தாக்கியபோது கொண்டுவந்தது. 14 ஆம் திகதி காமினி குலரத்ன என்ற இராணுவச் சிப்பாய் அதில் ஏறிக் கைக்குண்டை வெடிக்க வைத்து, தானும் இறந்தார். வீரத்துக்கு இராணுவம் கொடுக்கிற மிக உயர்ந்த பதக்கமான பரம வீர விபூஷணம் முதலில் அவருக்குத்தான் கிடைத்தது. 1991 இல் முகாம் விழவில்லை. கடல் வழியாக வெற்றிலைக்கேணியில் இறங்கி இராணுவம் அதை முற்றுகையில் இருந்து மீட்டது. புலிகள் பிடித்தது 2000 சித்திரையில். இராணுவம் திரும்ப எடுத்தது 2009 தையில். நடந்த ஊரில் இருக்கிற நாங்களே ஆண்டை மாற்றிச் சொன்னால் பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

குமுழமுனையாள், போக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நான் 2012 இல் போனேன். கூட வந்த பேத்தி கொப்பியில் கண்டதை எல்லாம் எழுதினாள். கடைசிப் பக்கத்தில் 'இங்கே இல்லாதவை' என்று தலைப்புப் போட்டு, பங்கர், கஞ்சிக் கிடாரம், தம்பியின் சைக்கிள் என்று எழுதியிருந்தாள். என் கதை அவ்வளவுதான்.

இனி எல்லோருக்கும் சொல்கிறேன். அந்தக் காலத்துத் துணி யாரிடமாவது இருந்தால் நைலோன் பையில் போட்டு வைக்காதீர்கள், வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் நிழலில் விரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த வரியில் அறுந்து போகும். யாருடையது, எங்கே தைத்தது, எந்த மாதம் என்று ஒரு கடதாசியில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள். பேனா மை ஊறிவிடும். அப்பா, அம்மா இருக்கிறவர்கள் போனில் அவர்களின் குரலைப் பதிந்து வையுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். அப்புறம் ஒன்று: காணி துப்புரவாக்கும்போது கிடைக்கிற இரும்பை ஞாபகத்துக்கு என்று வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். துருப்பிடித்த எறிகணையும் வெடிக்கும். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகையைக் கண்டால் ஓர் அடியும் உள்ளே வைக்க வேண்டாம்.

பரந்தன் சந்தி:
ஆண்டு பிழைதான், மன்னிக்கவும் சேர். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "எந்த ஆண்டா இருந்தா என்ன, உள்ளுக்கு ஒரு பிள்ளை இருந்ததுதானே" என்கிறார்.

குமுழமுனையாள்:
சேர், கூறைச்சேலையில் தைத்த ஒரு மூட்டைத்துணி என்னிடம் இருக்கிறது. மாத்தளனுக்கு ஓடும்போது மண்ணைக் கொட்டிவிட்டு, தங்கச்சியின் குழந்தையை அதில் சுற்றிக் கொண்டு வந்தோம். இன்றுவரை கழுவவில்லை. தையல் மடிப்புக்குள் இன்னும் கொஞ்சம் மண் இருக்கிறது. விரிக்கும்போது அதைத் தட்டிவிட வேண்டுமா, அப்படியே வைக்கலாமா?