குழந்தையின் இனப் பதிவு: அனுபவமுள்ள பெற்றோர் வழிகாட்ட வேண்டுகிறேன்

குழுவினருக்கு வணக்கம். நான் சிங்கப்பூர்த் தமிழன். என் மனைவி சீனர். அடுத்த மாதம் பிறக்கவிருக்கும் எங்கள் குழந்தைக்கு, 2011 முதல் நடைமுறையில் உள்ள இரட்டை இனப் பதிவைச் செய்ய முடிவெடுத்துவிட்டோம். 'இந்தியர்-சீனர்' என்பதா, 'சீனர்-இந்தியர்' என்பதா என்பதில்தான் இழுபறி. வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கான இன ஒதுக்கீட்டில் முதலில் எழுதப்படும் இனமே கணக்கில் கொள்ளப்படுவதால், இதை வெறும் சம்பிரதாயமாக ஒதுக்கிவிட முடியவில்லை. (இரு வீட்டுப் பெரியவர்களும் பெயரைவிட இதையே அதிகம் விசாரிக்கிறார்கள் என்பது வேறு கதை.)

இவ்வாறு பதிவு செய்த பெற்றோர், பள்ளியில் தாய்மொழியாகத் தமிழைக் கேட்டபோது ஏதேனும் விளக்கம் கோரப்பட்டதா, சீனச் சாயல் கொண்ட முகத்துடன் தமிழ் வகுப்பில் அமர்ந்த பிள்ளையைச் சக மாணவர்கள் எப்படி நடத்தினார்கள், வளர்ந்தபின் இன வரிசையை மாற்றப் பிள்ளைகளே விரும்பினார்களா என்பதைப் பகிருமாறு வேண்டுகிறேன். பொதுவில் எழுதத் தயங்குவோர் தனிச்செய்தி அனுப்பலாம்.